பூதக்கண்ணாடி கண்டுபிடித்த கர்ப்பம்

சலவைக்கடையில் அழுக்குத்துணி பிரிக்கும் மேசைப் பக்கம் மாமியாரைத் தவிர யாரும் போக முடியாது. லாட்ஜ் விரிப்புகள், பக்கத்து நர்சிங் ஹோமின் பச்சை அங்கிகள், குடித்தனக்காரர்களின் சட்டை பாவாடைகள் என்று காலை ஆறு மணிக்கே மூட்டைகள் வந்து விழும். அவள் ஒவ்வொன்றையும் உதறி, வெளிச்சத்துக்குத் திருப்பி, ஒரு பார்வை பார்ப்பாள். டீ, துரு, மருந்து, உதட்டுச்சாயம், பேனா மை, ரத்தம். ரத்தமென்றால் எத்தனை நாள் பழையது என்றும் சொல்லுவாள். ரத்தத்துக்குப் பச்சைத்தண்ணீர், எண்ணெய்ப்பிசுக்குக்குச் சுடுதண்ணீர் என்று பிரித்துப் போடுவது அவள் வேலை. பிரித்ததைப் பற்றி ஊருக்குச் சொல்லுவது அவள் பொழுதுபோக்கு. ஒருமுறை ஒரு வாத்தியாரின் சட்டைக் காலரைப் பார்த்துவிட்டு, அவர் பெண்டாட்டியிடமே உங்கள் வீட்டில் யாரம்மா சிவப்புச்சாயம் பூசுகிறது என்று கேட்டுவைத்தாள். அந்த வீட்டில் மூன்று நாள் அடுப்பு எரியவில்லை. அதற்குப் பிறகுதான் தெரு அவளுக்குப் பூதக்கண்ணாடி என்று பேர் வைத்தது. அவள் காதுக்கும் அது வந்தது. பெருமைதான் பட்டாள்.

வீட்டுத் துணிக்கும் இதே சட்டம். கடைக்கு மேலே இரண்டு அறை, ஒரு சமையலறை. அங்கே யாரும் தனியாகத் துவைக்கக் கூடாது. ஆளுக்கொரு வலைப்பை, ஒவ்வொன்றின் வாயிலும் ஒரு நிற நூல். மருமகளுடையது நீலம். கல்யாணமாகி வந்த முதல் வாரம் அவள் தன் உள்ளாடையைக் குளியலறையிலேயே அலசிக் காயப்போட்டாள். "கடையில மூணு மெஷினு ஓடுது, நீ என்ன கையால கசக்குற? யாருக்கு ஒளிக்கிற?" என்று கேட்டாள் மாமியார். அன்றிலிருந்து மருமகளின் உடம்பில் நடப்பது மாமியாருக்குத் தெரியாமல் நடந்ததில்லை. நாளைக்கு உனக்கு வந்துவிடும், வெளுத்த பாவாடை கட்டாதே என்று இஸ்திரிக்காரர் நிற்கும்போதே சொல்லுவாள். மருமகளுக்கு உடம்பெல்லாம் கூசும். பழகிவிடும் என்றான் புருஷன். நான்கு வருஷமாகியும் பழகவில்லை.

இந்தப் புருஷனைப் பற்றிச் சொல்லவேண்டும். கடையின் வேனை ஓட்டுகிறவன், துவைத்ததைக் கொண்டுபோய்க் கொடுத்து அழுக்கை வாங்கி வருகிறவன். தெருவில் யாரைக் கேட்டாலும் தங்கமான பையன், வாயில்லாப்பூச்சி என்பார்கள். வாயில்லாமல் இருப்பது எவ்வளவு வசதியான சங்கதி என்பது அவனைப் பார்த்தால்தான் தெரியும். எல்லா வீட்டிலும் யாராவது ஒருத்தர் கெட்டபேர் வாங்கித்தானே ஆகவேண்டும். இவன் வாயை மூடிக்கொண்டால் அது தன்னால் பக்கத்தில் இருப்பவர் தலையில் போய் இறங்கிவிடும்.

ஒன்றரை வருஷத்துக்கு முன்னால் பெண்குழந்தை பிறந்தபோது மருமகள் பிழைத்ததே பெரிய பாடு. ரத்தம் நிற்கவில்லை. ஆள்மேல் ஆள் வந்து ரத்தம் கொடுத்தார்கள். இன்னொரு பிள்ளைக்கு மூன்று வருஷமாவது போகட்டும் என்று டாக்டர் அவளிடமும் புருஷனிடமும் மட்டும் கண்டிப்பாகச் சொன்னார். ஆஸ்பத்திரித் தாழ்வாரத்தில் விக்கி விக்கி அழுதவன் இதே புருஷன்தான். அவனேதான் விசாரித்து, மூன்று மாதத்துக்கு ஒருமுறை போட்டுக்கொள்ளும் கர்ப்பத்தடை ஊசி ஒன்று இருப்பதைத் தெரிந்துகொண்டு வந்தான். லாட்ஜ் விரிப்புகளோடு அவளையும் வேனில் ஏற்றி ஆரோக்கிய நிலையத்துக்குக் கூட்டிப்போனான். அம்மாவிடம் இப்போது சொல்ல வேண்டாம், நேரம் பார்த்து நானே சொல்கிறேன் என்றான். ஆறு மாதமாக அந்த நேரம் வரவில்லை.

ஊசி போட்ட நர்ஸ் ஒளிவுமறைவு இல்லாதவள். முதல் சில மாதம் கண்டபடி ரத்தம் படும், அப்புறம் நிறையப் பேருக்கு அடியோடு நின்றுவிடும், பயப்படக் கூடாது என்றாள். பசி எடுக்கும், எடை ஏறலாம், தலை வலிக்கலாம், சிலருக்கு மனசு சரியிருக்காது. வேண்டாமென்று நிறுத்தினாலும் கர்ப்பம் தரிக்க ஒரு வருஷம் வரைகூட ஆகலாம், அதையும் யோசித்துக்கொள் என்றாள். தேதி எழுதிய அட்டை ஒன்றைக் கொடுத்தாள். மருமகள் அதைக் குழந்தையின் தடுப்பூசி அட்டைக்குள் வைத்தாள்.

நர்ஸ் சொன்னதெல்லாம் ஒன்று பாக்கியில்லாமல் நடந்தது. முதல் ஊசிக்குப் பிறகு மூன்று நாள் துளித்துளியாகப் படும், இரண்டு நாள் நிற்கும், மறுபடி படும். என்ன இது வாஷர் போன குழாய் மாதிரி என்று மாமியார் முனகினாள். சத்துக்குறைவு என்று டானிக் வாங்கிக் கொடுத்தாள். இரண்டாவது ஊசிக்குப் பிறகு சுத்தமாக நின்றுவிட்டது. மருமகளுக்கு அகோரப் பசி. ரவிக்கை கை இறுகியது. நீராவி இஸ்திரிப் பெட்டிமுன் நிற்கையில் மத்தியானத்தில் மண்டையைப் பிளக்கும் தலைவலி. ஒன்றுமில்லாததற்கெல்லாம் அழுகை வந்தது, குழந்தைமேல் எரிச்சல் வந்தது. ஒருநாள் தலைவலி தாங்காமல் கடை வாசலில் வாந்தியெடுத்தாள்.

மாமியாருக்கு அது போதுமாயிருந்தது. நீலநூல் பையில் இரண்டு மாதமாகக் கறை இல்லை, ரவிக்கை பிடிக்கிறது, இப்போது வாந்தி. மறுநாள் காலை மேசைமுன் நின்றுகொண்டு, துணி கொடுக்க வந்த எதிர்வீட்டுத் தையல்காரியிடம் அறிவித்தாள்.

"என் மருமக முழுகாம இருக்கா."

தையல்காரி வாயெல்லாம் பல்லானாள். இஸ்திரிக்காரர் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டு நல்லது நல்லது என்றார். மாடிப்படியில் குழந்தையோடு இறங்கிவந்த மருமகளுக்குத் தன் கர்ப்பத்தின் சேதி அப்படித்தான் கிடைத்தது. அத்தை, அப்படி ஒன்றும் இல்லை என்றாள். முதல் பிள்ளைக்கும் நீ இப்படித்தான் சொன்னாய் என்றாள் மாமியார். அதுவும் உண்மைதான், அப்போது அவளுக்கே தெரிந்திருக்கவில்லை. பரிசோதனை செய்து பார்க்கலாமே என்று தையல்காரி சொன்னதற்கு, என் கண்ணைவிடவா உன் பரிசோதனை, மூன்று மாதம் முடியட்டும், டாக்டரிடம் போய்க்கொள்ளலாம் என்று அடக்கிவிட்டாள்.

சாயங்காலம் மகன் வந்ததும் அவன் தட்டில் இரண்டு முட்டையைக் கூடுதலாக வைத்துச் சேதி சொன்னாள். அவன் சிரித்தான். முட்டையைச் சாப்பிட்டான். மருமகள் சமையலறைக் கதவோரம் நின்று அந்த வாய் முட்டையை மெல்லுவதையே பார்த்துக்கொண்டிருந்தாள். அது முடிந்தபிறகாவது சொல்லுவான் என்று நினைத்தாள். அவன் தண்ணீர் குடித்து, கை கழுவிக்கொண்டு எழுந்து போனான்.

இன்றைக்கே சொல்லிவிடுங்கள் என்று அறைக்குள் வந்து கேட்டாள். வெள்ளிக்கிழமை லாட்ஜ் லோடு முடியட்டும் என்றான். வெள்ளிக்கிழமை வந்தது, அம்மாவுக்கு முழங்கால் வலி, இப்போது வேண்டாம் என்றான். அடுத்த வெள்ளிக்கு வேன் கிளட்ச் தகராறு. நீயாகச் சொல்லிவைக்காதே, அம்மா உடைந்துபோவாள், என்னிடம் விடு என்று கையைப் பிடித்துக் கெஞ்சினான். அவளும் விட்டாள்.

விட்டதற்கு அவளிடமும் ஒரு காரணம் இருந்தது, அதை ஒளிப்பானேன். மாமியார் அவளை நீராவிப் பெட்டியிலிருந்து நகர்த்தி, நாற்காலி போட்டு, தலையணை உறை மடிக்க உட்கார்த்தியிருந்தாள். பதினோரு மணிக்குப் பால், நாலு மணிக்குப் பழம். கனமான கூடையைத் தொட்டால் கத்துவாள். அந்த வீட்டில் காலை நீட்டி உட்கார்ந்தது அதுதான் முதல்முறை. இல்லாத பிள்ளையின் தயவில் கிடைத்த நாற்காலி என்று தெரிந்தும் அவள் உட்கார்ந்துதான் இருந்தாள். ஒவ்வொரு டம்ளர் பாலும் பின்னால் கழுத்துக்கு வரும் என்று தெரியும். குடித்தாள்.

மூன்றாவது ஊசிக்கான தேதி அந்தச் சமயத்தில் வந்தது. ஆரோக்கிய நிலையத்துக்கு மூன்று மைல். வேன் குலுக்கல் ஆகாது என்று மாமியார் வாசலைத் தாண்டவிடவில்லை. குழந்தைக்குத் தடுப்பூசி என்று சொல்லிப்பார்த்தாள். அதை நான் கூட்டிப்போகிறேன் என்றாள் மாமியார். புருஷனைக் கேட்டாள். அடுத்த வாரம் ஏதாவது வழி பண்ணுகிறேன் என்றான். அவன் அடுத்த வாரங்களுக்குக் கணக்கே கிடையாது.

தேதி போய் இரண்டு வாரத்தில் ஒரு காலையில் உள்ளாடையில் பழுப்பாய்க் கறை பட்டிருந்தது. மருமகள் குளியலறையில் குழாயைத் திறந்துவைத்துக்கொண்டு வெகுநேரம் நின்றாள். பச்சைத்தண்ணீரில் இரண்டு கசக்கு கசக்கினால் போய்விடும். மாமியாருக்குத் தெரியாது. இன்னும் ஒரு வாரம் ஓடும், அப்புறம் இன்னொரு வாரம். திடீரென்று அவளுக்கு ஆத்திரம் மூண்டது. எவனோ ஒளிந்துகொள்ள இவள் எதற்குத் திருடி மாதிரி நின்று கழுவவேண்டும்? குழாயை மூடினாள். துணியை அப்படியே நீலநூல் பைக்குள் போட்டு, பையைக் கொண்டுபோய் மேசைமேல் வைத்தாள். நாற்காலியில் போய் உட்கார்ந்து உறை மடிக்கத் தொடங்கினாள்.

மாமியார் அதை எடுத்து வெளிச்சத்துக்குத் திருப்பினாள். பிறகு மேசையைப் பிடித்துக்கொண்டு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். அழுதாள். அந்த அழுகையில் பொய் ஒன்றும் இல்லை, அதைச் சொல்லத்தான் வேண்டும். ஒன்றரை மாதமாக மனசுக்குள் ஒரு பிள்ளையைக் குளிப்பாட்டித் தூங்கவைத்துக்கொண்டிருந்தவள் அவள். இஸ்திரிக்காரர் தண்ணீர் கொண்டுவந்தார். தையல்காரி ஓடிவந்தாள். மருமகள் எழுந்து, அத்தை, ஒன்றும் ஆகவில்லை என்று தோளைத் தொட்டாள். தொட்ட கையை மாமியார் தட்டிவிட்டாள்.

"ஒண்ணும் ஆகலையா? பிள்ள போயிருக்கு, நீ உறை மடிச்சிட்டு உக்காந்திருக்க. ஒரு சொட்டுக் கண்ணீர் இல்ல. யார்கிட்டப் போன? எந்த மாத்திரையப் போட்ட?"

"நான் எங்கயும் போகல அத்தை. நீங்க வாசலைத் தாண்ட விட்டாத்தானே."

"அப்ப வீட்டுலயே வச்சு முடிச்சிட்ட. அன்னைக்கே இல்ல இல்லன்னு சொன்னியே, அப்பவே உன் மனசுல இருந்திருக்கு. பெத்த வயிறாடி இது?"

தையல்காரி எதற்கும் இருக்கட்டும் என்று உச்சுக்கொட்டினாள். அந்த நேரத்துக்கு வேன் வந்து நின்றது. புருஷன் இரண்டு மூட்டையோடு உள்ளே வந்து, தரையில் அம்மாவையும் மேசைமேல் துணியையும் பார்த்தான். விஷயம் புரிய அவனுக்கு ஒரு நொடிகூட ஆகவில்லை. மருமகள் அவனைப் பார்த்தாள். இதைவிட நல்ல நேரம் இனி வரப்போவதில்லை. ஒரே ஒரு வாக்கியம் போதும்.

"இவ என்னடா பண்ணா? உனக்குத் தெரியுமா?" என்று கேட்டாள் மாமியார்.

"எனக்கென்னம்மா தெரியும்" என்றான் அவன்.

மருமகள் மடித்த உறையை மேசைமேல் வைத்தாள். கத்தவில்லை. பிள்ளை என்று ஒன்று இல்லவே இல்லை என்றாள். பிரசவத்துக்குப் பிறகு டாக்டர் சொன்னதையும், மூன்று மாத ஊசியையும், ஊசியால்தான் மாதவிலக்கு நின்றதையும் பசி எடுத்ததையும் தலை வலித்ததையும், தேதி தப்பிப்போனதால் இப்போது பட்டிருப்பதையும் ஒவ்வொன்றாகச் சொன்னாள். மேலே போய் அட்டையைக் கொண்டுவந்து போட்டாள். கடைசியாக, இரண்டு தடவையும் வேனில் கூட்டிப்போனவர் இவர்தான் என்றாள்.

எல்லோரும் வேன்காரனைப் பார்த்தார்கள். அவன் மூட்டையை ஒரு தோளிலிருந்து மறு தோளுக்கு மாற்றினான். "சத்து ஊசின்னு சொன்னா. கூட்டிட்டுப் போனேன்" என்றான்.

தங்கமான பையன் அதற்குமேல் அங்கே நிற்கவில்லை. மூட்டையை இறக்கப் போய்விட்டான். மருமகளுக்கு அழுகை வரும் என்று அவளே எதிர்பார்த்தாள். வரவில்லை. வயிற்றுக்குள் ஏதோ ஒன்று அணைந்துபோனது தெரிந்தது, அவ்வளவுதான்.

மாமியார் மகன் சொன்னதை நம்பினாள், அல்லது நம்ப முடிவு செய்தாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தவள் அட்டையை எடுத்துத் தூரப்பிடித்துப் பார்த்தாள். தொழில்காரியின் புத்தி அந்த நேரத்திலும் வேலை செய்தது.

"சரி, ஊசின்னே வச்சிக்குவோம். மூணு மாசமா வராத ரத்தம் எங்கடி போச்சு? உள்ளயே தேங்கித்தானே நிக்குது? விஷமாகாது அது? தலைக்கு ஏறாது?"

"எங்கயும் போகல. உண்டாகவே இல்ல. மாசாமாசம் கர்ப்பப்பைக்குள்ள ஒரு மெத்த மாதிரி கட்டும், பிள்ள தங்கலைன்னா அது உதிரும், அதான் ரத்தமா வருது. ஊசி அத கட்டவே விடாது. கட்டாததுக்கு எதை உதிர்க்கிறது?"

"எங்கிட்டயே கத விடுறியா? ரத்தத்தப் பத்தி எனக்குச் சொல்லித் தரியா நீ?"

"துணியில பட்டதப் பத்தி உங்களுக்குத் தெரியும். படாததப் பத்தி உங்களுக்கு என்ன தெரியும்?"

நான்கு வருஷத்தில் அவள் அப்படிப் பேசியதில்லை. தையல்காரி மெதுவாகத் தன் கடைக்கு நழுவினாள். மாமியார் நாற்காலியை இழுத்து மூலையில் கவிழ்த்துப் போட்டுவிட்டு, போய் இஸ்திரிப் பெட்டிமுன் நில் என்றாள். மருமகள் அன்று ஒரு மூட்டை லாட்ஜ் விரிப்பையும் தனியாகத் தேய்த்தாள். நீராவி முகத்தில் அடித்தபோது அவளுக்கு ஒருவகையில் நிம்மதியாகக்கூட இருந்தது.

மறுநாள் மாமியார் கடையை இஸ்திரிக்காரரிடம் விட்டுவிட்டு, மருமகளையும் மகனையும் கூட்டிக்கொண்டு ஆரோக்கிய நிலையத்துக்குக் கிளம்பினாள். நர்ஸை நாலு கேள்வி கேட்காமல் விடுவதில்லை என்று வழியெல்லாம் சொல்லிக்கொண்டு வந்தாள். அங்கே பச்சை பெயிண்ட் அடித்த பெஞ்சில் அரைமணி நேரம் காத்திருந்தார்கள். பெஞ்சில் மாமியார் நடுவில் உட்கார்ந்தாள்.

மூவரும் உள்ளே போனதும் நர்ஸ் நிமிர்ந்து பார்த்தாள். ஊசி யாருக்கோ அவர் மட்டும் இருந்தால் போதும் என்றாள். இவர்களும் இருக்கட்டும் சிஸ்டர் என்றாள் மருமகள். மாமியார் ஆரம்பித்துவிட்டாள். நல்லா இருந்த பெண்ணைக் கெடுத்துவிட்டீர்கள், ரத்தத்தைக் கட்டிப்போட்டு உடம்பை ஊதவைத்துவிட்டீர்கள், கர்ப்பப்பை இந்நேரம் காய்ந்து சுருங்கியிருக்கும் என்றாள். நர்ஸ் ஒவ்வொன்றுக்கும் பதில் சொன்னாள், ஒன்றைக்கூட இனிப்பாகச் சொல்லவில்லை. ரத்தம் தேங்கவில்லை, கர்ப்பப்பை காயவில்லை, நிறுத்தினால் சில மாதத்தில் எல்லாம் பழையபடி வரும். எடையும் தலைவலியும் ஊசியால்தான் இருக்கலாம், ஒத்துக்கொள்ளாவிட்டால் மாற்றிக்கொள்ள வேறு வழி இருக்கிறது. ஆனால் அதை உங்களிடம் நான் பேசவேண்டியதில்லை, ஊசி உங்களுக்கு இல்லை என்றாள்.

மாமியாருக்கு முகம் சுண்டிப்போனது. கடைசி ஆயுதத்தை எடுத்தாள். "என் பையன்கிட்ட சத்து ஊசின்னு சொல்லித்தானே போட்டீங்க? அவன ஏமாத்தித்தானே?"

"உங்க பையன் பக்கத்துலதானே நிக்கிறாரு. அவரையே கேளுங்க" என்றாள் நர்ஸ்.

மூன்று பெண்களும் அவனைப் பார்த்தார்கள். அவன் கையில் வேன் சாவியை உருட்டிக்கொண்டிருந்தான். வாய் திறந்தது. இப்போது சொன்னால்கூடப் போதும், இப்போது சொன்னாலும் மன்னித்துவிடலாம் என்று மருமகள் நினைத்தாள்.

"வண்டி குறுக்க நிக்குது, ஓரமா போட்டுட்டு வந்துடறேன்" என்றான்.

போனான். ஜன்னலுக்கு வெளியே வேன் கிளம்பும் சத்தம் கேட்டது. மாமியார் எட்டிப்பார்த்தாள். அது ஓரமாக நிற்கவில்லை. கேட்டைத் தாண்டி, தெருவில் திரும்பி, கடை இருக்கும் பக்கமாகப் போய்க்கொண்டிருந்தது. மாமியார் அந்தத் தெருமுனையையே பார்த்தபடி நின்றாள். எத்தனை கறையைப் பார்த்த கண் அது. திரும்பியபோது அவள் மருமகளிடம் ஒன்றும் கேட்கவில்லை, கேட்கத் தேவையும் இல்லை என்பது முகத்தில் தெரிந்தது. அதற்காக முகம் இளகிவிடவும் இல்லை. பொய் சொன்னவன்மேல் வரவேண்டிய கோபமும் உண்மையைச் சொன்னவள்மேலேயே வந்து நின்றது.

"தேதி போய் ரெண்டு வாரந்தான், இன்னும் போட்டுக்கலாம். போட்டுக்கறீங்களா?" என்று நர்ஸ் மருமகளிடம் கேட்டாள்.

"வேண்டாம் சிஸ்டர்."

"கேட்டுக்கிட்டீங்களா? அவளே வேண்டாங்கறா" என்று மாமியார் நிமிர்ந்தாள். எப்படியும் வழிக்கு வந்துதானே ஆகவேண்டும், அடுத்த வருஷம் இந்நேரம் மடியில் ஒரு பிள்ளை இருக்கும் என்று நர்ஸுக்குக் கேட்கும்படி சொன்னாள்.

நர்ஸ் அவளைப் பொருட்படுத்தவில்லை. "அப்ப வேற எது வேணும்? மாத்திரையா, காப்பர்-டியா? மூணு வருஷம் போகணும்னு டாக்டர் எழுதியிருக்காரே. சும்மா விட முடியாது."

"ஒண்ணும் வேண்டாம். அதெல்லாம் அவரு என் அறைக்கு வந்தாத்தானே வேணும். இனிமே வரமாட்டாரு."

நர்ஸின் பேனா நின்றது. மாமியாருக்குச் சொன்னது விளங்கக் கொஞ்சம் நேரம் பிடித்தது. விளங்கியதும் நர்ஸின் மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டு, "அப்ப என் மகன் எங்கடி படுப்பான்?" என்று கேட்டாள்.

"உங்க மகன்தானே அத்தை. உங்ககிட்டயே படுக்கட்டும்" என்றாள் மருமகள்.

நர்ஸ் அட்டையில் அடுத்த தேதிக்கான கட்டத்தில் ஒரு கோடு கிழித்து அவளிடம் நீட்டிவிட்டு, வெளியே காத்திருந்த அடுத்த ஆளைக் கூப்பிட்டாள்.